கருவியறிந்து தொழில் செய்தல்

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவன் ஒருவன், பைதன் மொழியில் நிரல் எழுதுகிறான். வரைபடம் வரைதற்கு உதவும் 'மேட்பிளாட்லிப்' என்னும் துணைத்தொகுதியை, 'பிப்' என்னும் கட்டளை கொண்டு நிறுவுகிறான். நிறுவியாயிற்று என்று கணினி கூறுகிறது. நிரலை இயக்கியதும், அப்பெயருடைய தொகுதியே இல்லை என்று அதே கணினி மறுக்கிறது. அவன் நிரலை வரிவரியாகத் திருத்துகிறான். தொகுதியை மீண்டும் நிறுவுகிறான். ஈற்றில், இத்துறை தனக்கு ஏற்றதன்று என மனந்தளர்கிறான். அவனது நிரலிலோ பிழை ஏதும் இல்லை.

பிழை வேறிடத்தில் உளது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற எடிட்டர்கள் எழுத்து மேசை போன்றவை. நிரலைப் படித்துச் செயற்படுத்துவது 'இன்டர்பிரிட்டர்' எனப்படும் பிறிதொரு மென்பொருளாகும். ஒரே கணினியில் பைதன் இரண்டு மூன்று இடங்களில் நிறுவப்பட்டிருத்தல் கூடும். அவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் களஞ்சியம் உடையன. மாணவன் தொகுதியை ஒன்றின் களஞ்சியத்தில் வைத்தான். எடிட்டர் மற்றொன்றை ஏவிற்று.

இதற்குப் பரிகாரம் எளிது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் கட்டளைப் பெட்டி தோன்றும். பைதனுக்குரிய நீட்சி எடிட்டரில் நிறுவப்பட்டிருப்பின், 'பைதன்: செலக்ட் இன்டர்பிரிட்டர்' என்னும் கட்டளை அங்கு கிடைக்கும். அதனைத் தெரிந்ததும், கணினியில் அகப்பட்ட பைதன்கள் நிரையாகக் காட்டப்படும். அவற்றுள் உரியதைத் தெரிவு செய்தல் வேண்டும். நிரற் கோப்புத் திறந்திருக்கையில், தெரிவு செய்த பதிப்பின் எண் திரையின் அடிப்புறத்தே காணப்படும்.

அதன்பின் எடிட்டரிலேயே புதிய டெர்மினலைத் திறந்து, 'பைதன் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தொடங்கி நிறுவுதல் நன்று. அவ்வாறு செய்தால், அக்கட்டளையை ஏற்கும் பைதனின் களஞ்சியத்துக்கே தொகுதி சென்று சேரும். 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு வேலைக்கும் தனிச்சூழல் அமைக்கும் 'வென்வ்' என்னும் வசதியும் பைதனுடனேயே வருகிறது. ஒரு வேலைக்கு நிறுவியது மற்றொன்றைக் குலைக்காதிருக்க அது துணைபுரியும்.

எந்தப் பைதன் தன் நிரலை இயக்குகிறது என்று பார்க்கும் பழக்கத்தை, ஆசிரியர் முதற் பாடத்திலேயே மாணவனுக்கு ஊட்டுதல் வேண்டும். ஐந்து நிமிடத்தில் கற்பிக்கத்தக்க இதனை விட்டுவிடின், கருவியின் குறையைத் தன் அறிவின் குறையென எண்ணி, நல்ல மாணவன் ஒருவன் ஒதுங்கிவிடக் கூடும்.