நட்சத்திரமும் அவர் வளர்ந்த மண்ணும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வளர்ந்துவரும் வீராங்கனை ஒருவரின் எதிர்காலம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை கெயிற்லின் கிளார்க்கை எடுத்துக்கொள்கிறேன்.

2002இல் பிறந்த இவர், அயோவாப் பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளிகளைப் பெற்றார். அந்நாட்டின் முதற்தரப் பல்கலைக்கழகப் போட்டிகளில், ஆண்களிலும்கூட, அதுவரை எவரும் எட்டாத தொகை அது. 2024இல் இவர் ஆடிய பல்கலைக்கழக இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், ஆண்களின் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம். அவ்வாண்டே இந்தியானா ஃபீவர் அணி இவரை முதலாவதாகத் தெரிவுசெய்தது.

எல்லோரும் இவரது தூர எறிகைகளைப் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, மற்றவர் புள்ளி பெறும்படி பந்தைக் கொடுக்கும் திறன். முதற் பருவத்திலேயே அவ்வாறு 337 தடவைகள் கொடுத்தார். அதுவும் அன்றைய சாதனை. வயதோடு கால் வேகம் குறையலாம். ஆட்டத்தைப் படிக்கும் கண் கூர்மையாகும். அதனால் இவருக்கு நீண்ட காலம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. அதே பருவத்தில் பந்தை அதிகம் பறிகொடுத்தவரும் இவரே. 2025இல் தசைக் காயங்களால் 13 ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. ஆனால் இவரில்லாமலே அணி அரையிறுதிவரை சென்றது. எதிர்பார்ப்பு முழுவதையும் ஓர் இளம் உடலின் மேல் ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இவர் திடீரென முளைத்தவரல்லர். அயோவாவில் பெண் பிள்ளைகளின் மாநிலக் கூடைப்பந்தாட்டப் போட்டி 1920இலேயே தொடங்கிவிட்டது. அணிக்கு அறுவர் ஆடும் தனி முறையை 1993வரை வைத்திருந்தார்கள். சின்னஞ்சிறு ஊர்களும் தம் பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கத் திரண்டன. பேத்தி ஆடும்போது ஆட்டம் தெரிந்த பாட்டி பார்த்திருந்த மண் அது.

அங்கும் நியாயம் முழுமையாக வரவில்லை. முதலாண்டில் இவருடைய சம்பளம் ஏறத்தாழ 76,500 டொலர். அவ்வாண்டு ஆண்களில் முதலாவதாகத் தெரிவானவருக்கோ ஒரு கோடி டொலருக்கும் மேல். விளம்பர வருவாய் இவரைத் தாங்கியது. புகழில்லாத மற்றப் பிள்ளைகளை எது தாங்கும்?

இனி எங்கள் முற்றத்துக்கு வருவோம். எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தும் தெரியும், வலைப்பந்தும் தெரியும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் ரியூசன் தொடங்குகிறது. பந்து அறைக்குள் போய்விடுகிறது. உயரமும் பலமும் வருகிற வயதில் ஆட்டம் நின்றுவிடுகிறது. எத்தனை பேரை அப்படி இழந்தோம் என்ற கணக்கு எந்த நூற்றாண்டு மலரிலும் வராது.

சகோதரிகளே, கட்டடங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறோம், நல்லது. அதோடு, உயர்தர மாணவிகள் தொடர்ந்து ஆட ஒரு பயிற்றுநரின் கொடுப்பனவையும், வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சப்பாத்தையும் பொறுப்பேற்போம். பிள்ளையை மறித்து நிற்கும் பெற்றோரிடம் பேசவும் எங்களால் முடியும். எங்களில் பலர் அந்தப் பெற்றோர்தான்.

எந்தப் பிள்ளை நட்சத்திரமாவாள் என்று எவராலும் சொல்லமுடியாது. ஆடவிட்டால்தான் தெரியும்.