சத்தமில்லாததையும் பார்ப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒரு பாடத்துக்காகப் படித்தபோது கேரன் ஸ்ட்ரையர் என்பவரைப் பற்றி அறிந்தேன். அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக மானிடவியல் பேராசிரியர். ஆய்வு செய்வதோ பிரேசில் நாட்டுக் காட்டில். 1982-இல் ஆய்வு மாணவியாக அங்கே தொடங்கியவர், முரிக்கி என்னும் குரங்கினத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்.

மானிடவியலாருக்குக் குரங்கிடம் என்ன வேலை என்று கேட்கலாம். மனிதரின் கூட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள நம் உறவினங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்று அதிகம் ஆராயப்பட்டவை பபூன் போன்றவை. அவற்றில் சண்டை உண்டு. வலியவன், எளியவன் என்ற வரிசையும் உண்டு. குரங்கு என்றாலே இப்படித்தான் என்ற எண்ணம் பரவியிருந்தது.

முரிக்கி அப்படியில்லை. ஆண் குரங்குகள் தமக்குள் சண்டையிடுவது மிக அரிது. அருகருகே அமர்கின்றன, கட்டித் தழுவுகின்றன. சண்டை தானாகக் கண்ணில் படும். அமைதியைக் காணப் பொறுமை வேண்டும். ஸ்ட்ரையர் அவற்றைப் பிடித்து அடையாளம் இடவில்லை. முகத்தின் இயற்கையான நிறத் திட்டுகளைக் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்தார். தொடக்கத்தில் அந்தக் காட்டில் இருந்தவை சுமார் 50. காடு பாதுகாக்கப்பட்டதால் பின்னாளில் 300-ஐத் தாண்டின.

இதைப் படித்ததும் என் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. 38 பேரில் சேட்டை செய்யும் ஐந்தாறு பேரைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவேன். மற்றவர்களைப் பற்றி இரண்டு வரி சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே ஒரு நோட்டு போட்டேன். நாளுக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிடம், கண்டதை மட்டும் எழுதுவது. மூன்றாம் வாரம் ஒரு சிறுமியின் முறை வந்தது. பாட நேரத்தில் பேசுகிறாள் என்று நான் பலமுறை கண்டித்தவள். அன்றுதான் கண்டேன், கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளைக்கு மெல்லப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன். “சொல்ல வேண்டாம்னு அவ சொன்னா, டீச்சர்” என்றாள்.

கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இன்று அந்தப் பிள்ளை கண்ணாடி அணிந்து தானே படிக்கிறாள். கண்டித்ததற்காக மற்றவளிடம் வகுப்பின் முன்னே வருத்தம் தெரிவித்தேன்.

நாம் ஆய்வாளர்கள் அல்லர். ஆனாலும் முடிவு கட்டும் முன் பொறுமையாகப் பார்ப்பது நமக்கும் உரிய வேலைதான். நாளை உங்கள் வகுப்பில், சத்தமே போடாத ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.