உரசிப் பார்த்தால் தங்கத்துக்கு அவமானமா?



மூலிகை மருத்துவத்துக்குப் பெரிதும் துணை நிற்பது முன்னோர் அனுபவமா, ஆய்வுக்கூடச் சோதனையா? சோதனைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டாங்க. "பாட்டி சொன்ன கீழாநெல்லியைக் கண்ணாடிக் குழாயில போட்டுச் சோதிக்கிறது, பாட்டியையே சந்தேகப்படுற மாதிரி"ன்னாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அம்மா, உங்க பாட்டி வளையலை அடகுக் கடைக்குக் கொண்டு போங்க. "பாட்டி வளையலா? இந்தாங்க பணம்"னா கொடுப்பார்? கல்லுல உரசிப் பார்ப்பாரா இல்லையா? (சிரிப்பு) உரசினா தங்கத்துக்கு என்ன அவமானம்? பித்தளைக்குத்தானே பயம்! (கைதட்டல்)

"காமாலை வந்தது, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடிச்சேன், மூணு வாரத்துல போயிடுச்சு" என்கிறார் இன்னொரு நண்பர். சந்தோஷம். குடிக்காம இருந்திருந்தா? அதுக்கு உங்க அனுபவத்துல பதில் இருக்கா?

நடுவர் அவர்களே, காமாலை என்பது தனி நோய் அல்ல; உள்ளே இருக்கும் கோளாறின் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்போ பேர் வாங்குறது யாரு? அன்னிக்கு யார் எதைக் குடிச்சாங்களோ அது! பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிற 'பி' வகைக் கிருமி இருக்கிறதே, அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கி ஈரலைச் சுருக்கும். புற்றுநோய் வரைக்கும் கொண்டு போய்விடும்.

அந்த 'பி' கிருமியோடுதான் நம்ம சென்னையில் கீழாநெல்லியை மோதவிட்டுப் பார்த்தார்கள். டாக்டர் எஸ்.பி. தியாகராசன் குழுவினரின் ஆய்வு 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அந்தக் கிருமியையே கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் ஒருவர். கிருமியைச் சுமந்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, தினம் மூணு வேளை, 30 நாள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அப்புறம் இரத்தத்தைப் பார்த்தால், பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவரிடம்தான்! உலகமே திரும்பிப் பார்த்தது. பாட்டி வழி காட்டினாங்க, ஒத்துக்கிறேன். ஆனா கீழாநெல்லியை உலக சபைக்குக் கூட்டிட்டுப் போனது சோதனை!

"பார்த்தீங்களா, ஜெயிச்சிடுச்சு"ன்னு எதிரணி சிரிக்கிறாங்க. பொறுங்க! தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளைச் சேர்த்து அலசிய 'காக்ரேன்' ஆய்வு 2011-ல், நம்பும்படியான சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

ஏன் இந்த வேறுபாடு? விளைஞ்ச மண்ணா? பறிச்ச பருவமா? செடியே வேறயா? கீழாநெல்லி சாயலிலேயே பல செடிகள் உண்டு. மூட்டையில் வருவது எது என்று கண்ணுக்குத் தெரியாது. 'பில்லாந்தின்' என்ற பொருள் எத்தனை இருக்கிறது என்று அளந்து பார்த்தால்தான் ஒரு பிடி தெரியும். கேள்வியை எழுப்புவதும் சோதனை. பதில் தேடுவதும் சோதனை. அனுபவம் "குணமாச்சு" என்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கீழாநெல்லியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நான். ஆனால் அதை நம்பி இரத்தப் பரிசோதனைக்கே போகாத ஒரு அண்ணனை நினைத்துப் பாருங்கள். கண் மஞ்சள் தெளிஞ்சிடுச்சுன்னு அவர் நிம்மதியா இருப்பார். உள்ளே 'பி' கிருமி குடியிருக்கும். அதைக் கட்டுப்படுத்த இன்னிக்கு மாத்திரை இருக்கு. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைக்குப் போடுற தடுப்பூசி இருக்கு. இருந்தும், தெரியாமலேயே ஒரு உயிர் போகலாமா?

எனவே நடுவர் அவர்களே, பாட்டியை மதிக்கிறவன் பாட்டி கொடுத்ததைச் சோதித்துத்தான் பேரனுக்குக் கொடுப்பான் என்று கூறி, சோதனையே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.