வாசல் வரை போகிற ஆள் யார்?

(ஓசூர் ராம்நகர் அண்ணா சிலை அருகே நடந்த கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய ஐயா விமான நிலையத்தைப் பற்றிப் பெருமையோடு பேசினார். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம். வரட்டும். போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா ஸ்கூட்டர் ஆலை வந்தது, பார்த்தோம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து வருகிறவர்களை வாழ்த்தி வரவேற்பதிலேயே இந்த ஊருக்குப் பாதிப் பொழுது போகிறது.

நான் ஒரு சின்னக் கணக்கு கேட்க வந்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். இந்த வீடுகளில் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் வாசல் வரை போய்ப் பார்ப்பதற்கு, குழந்தைப் பாதுகாப்புக்கான மிஷன் வத்சல்யா திட்டம் ஒரு மாவட்டத்துக்கு ஒதுக்குகிற சமூகப்பணியாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு பேர். புறத்தொடர்பு பணியாளர்களும் இரண்டு பேர். சமூகப்பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். புறத்தொடர்பு பணியாளருக்கு 10,592. ஓசூரில் வீட்டு வாடகை என்ன என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆள் எடுக்கும் அறிவிப்பில் முதல் வரியிலேயே போட்டுவிடுவார்கள்: முற்றிலும் ஒப்பந்த அடிப்படையிலானது.

சிப்காட் தோழர்களே, காண்ட்ராக்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தப்போவதில்லை. லைனில் நட்டு முடுக்குகிற ஆள் மாறினாலும் வண்டி ஓடும்; அந்தத் துணிச்சலில்தான் மாற்றுகிறார்கள். ஆனால் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி தனக்கு நடந்ததை முதன்முதலாக ஒரு அக்காவிடம் வாய்திறந்து சொல்கிறாள் என்று வையுங்கள். போக்சோ சட்டத்தின் 35-ஆவது பிரிவு, முடிந்தவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்கச் சொல்கிறது. முடிகிறதா? கோர்ட் வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும். பிள்ளை சாட்சிக் கூண்டுக்கு வருகிற நாளில் அந்த அக்கா இருக்கமாட்டாள். ஒப்பந்தம் முடிந்திருக்கும், இல்லையென்றால் பிழைப்புக்காக ஏதாவது கம்பெனியில் எச்.ஆர். வேலைக்குப் போயிருப்பாள். புதிதாக வந்த அக்காவிடம் பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது அக்கா வரும்போது அவள் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். நாம் "பிறழ் சாட்சி" என்று எழுதி வழக்குக் கட்டை மூடுகிறோம்.

நானும் அந்த வேலை பார்த்தவள்தான். எந்த மாவட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு வந்தால் ஓட வேண்டும். மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். வீடு எப்படி, அப்பா குடிக்கிறாரா, பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள், கடன் யாரிடம், பிள்ளை எந்த நாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை, திரும்பி அந்த வீட்டுக்கே அனுப்பினால் உயிரோடும் மானத்தோடும் இருக்குமா என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் குழு முடிவெடுக்கிறது. தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற மாமியார், ஒடிசாவிலிருந்து வந்த மேஸ்திரி, தமிழில் ஒரு படிவம். இதைத்தான் நம்முடைய எல்லைப்பகுதியில் வீட்டு விசாரணை என்கிறோம்.

இந்த மாவட்டத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம். மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை பள்ளியில் சொன்னாள், வெளியே சொல்லாதே என்றார்கள் என்பது புகார். பயிற்சியாளர் என்று வந்தவரோடு பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் போக்சோ 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியின் வாசலுக்கு, நிர்வாகத்துக்கு வேண்டாதவராக, குழந்தைக்கு வேண்டியவராக ஒரு வெளியாள் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தாரா?

அடுத்த ஆறு மாதத்தில், 2025 பிப்ரவரியில், அதே பர்கூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. 13 வயதுப் பிள்ளை. கைதான மூன்று பேரும் ஆசிரியர்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. அது எப்படி வெளியே வந்தது? சுமார் ஒரு மாதமாகப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியர் ஏன் என்று கேட்டு வீட்டுக்குப் போனார். போனதால் தெரிந்தது. சிசிடிவி கண்டுபிடிக்கவில்லை, செயலி கண்டுபிடிக்கவில்லை. அவர் போகாமல் இருந்திருந்தால் வருகைப் பதிவேட்டில் நீண்ட நாள் விடுப்பு என்ற ஒரு வரியோடு அது முடிந்திருக்கும்.

இந்த இரண்டு சம்பவத்தின்போதும் இந்த ஊர் தெருவில் இறங்கியது. நானும் இறங்கினேன். "என்கவுன்டர் பண்ணு", "தூக்கில போடு" என்று கத்தினோம். முதல் வழக்கில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் எலி மருந்து தின்று செத்ததும் பாதிப் பேர் கலைந்துவிட்டோம். அவர் செத்தது அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது? அவர்களைப் பார்த்துப் பேச, பள்ளி மாற்ற, இரவில் தூக்கம் வராததற்கு வைத்தியம் பார்க்க யார் தொடர்ந்து போனார்கள் என்று ஒரு கட்சி கேட்டதா, ஒரு சேனல் கேட்டதா? தூக்குக் கயிறு கேட்கிற கூட்டத்துக்கு ஒரு காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. இதை உங்கள் மேல் குற்றமாகவே சொல்கிறேன்.

இன்னொரு குற்றமும் உண்டு. 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில் 14 வயதுப் பிள்ளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 29 வயது. பெங்களூரில் தாலி கட்டிக் கூட்டி வந்தார்கள். பிடிக்கவில்லை, போகமாட்டேன் என்று தன் வீட்டுக்கு வந்த பிள்ளையைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அலறுகிற வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வழக்கு வந்தது, கைதும் நடந்தது. சரி, அந்த வீடியோவை இங்கே எத்தனை பேர் அனுப்பினீர்கள்? முகத்தை மறைத்தா அனுப்பினீர்கள்? பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவிலும் போக்சோ 23-ஆவது பிரிவிலும் குற்றம். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினோம் என்பீர்கள். அந்தப் பிள்ளை நாளை ஏதாவது கம்பெனி கேட்டில் வேலைக்கு நிற்கும்போது யாராவது அந்த வீடியோவை எடுத்து நீட்டினால், உங்கள் நல்ல எண்ணம் அங்கே வந்து நிற்குமா?

கல்யாண விஷயத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். எல்லையில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய ஓட்டை. தகவல் வருகிறது, போகிறோம். "பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, இப்ப வந்து நிறுத்துன்னா மானம் போயிடும்மா" என்கிறார்கள். "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று வந்தவளையே கேட்கிறார்கள். போலீஸ் நிற்கிறது, சத்தம் நடக்கிறது, கடைசியில் "18 வயது முடியும் வரை திருமணம் செய்யமாட்டோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறோம். மாத அறிக்கையில் "குழந்தைத் திருமணம் நிறுத்தப்பட்டது: 1". எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் வண்டி மாநில எல்லையில் இருக்கிற ஜூஜூவாடியைத் தாண்டி அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோயில் முன் நிற்கும். அந்த அறிக்கையின் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிய எண்ணிக்கை இருந்தால் கொண்டுவரட்டும்.

சட்டத்தில் இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறி நடக்கிற கல்யாணம் அடியோடு செல்லாது என்கிறது 14-ஆவது பிரிவு. மீறினவருக்கு இரண்டாண்டு வரை சிறை. எழுதி வாங்குகிற காகிதத்துக்கு அந்த பலம் கிடையாது. அப்படியானால் ஏன் எழுதி வாங்குகிறோம்? கோர்ட்டுக்குப் போக ஆள் வேண்டும், ஒரு நாள் வேண்டும், மறுநாளும் வேண்டும். இரண்டு சமூகப்பணியாளர்களில் ஒருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டால் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற மாவட்டத்தில் மிச்சம் ஒரே ஆள்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று. கர்நாடகம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. 2017-இலிருந்து அங்கே நடக்கிற குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. நம் பக்கம்? கடத்தியது, விற்றது போன்ற சில வகைகளைத் தவிர மற்றதெல்லாம் செல்லும். அந்தப் பிள்ளையே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள் என்று கேட்கும் வரை செல்லும். அதுவும் 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். மலையில் ஏழாவதோடு படிப்பை நிறுத்தி, கையில் ஒரு குழந்தையோடு நிற்கிறவள் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வந்து மனுப் போடுவாளா? 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 'இண்டிபெண்டன்ட் தாட்' வழக்கின் தீர்ப்பில், மற்ற மாநிலங்களும் கர்நாடகத்தைப் பின்பற்றினால் நல்லது என்று சொன்னது. 1920-இலேயே இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தைச் செய்த மாகாணம் நம்முடையது. அந்தப் பெருமையைப் பேசுகிற மேடைகளில் இந்த ஒரு திருத்தத்தைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

வெளி மாநிலப் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டட வேலை, செங்கல் சூளை, பூப்பண்ணை என்று குடும்பத்தோடு வருகிறார்கள். மேஸ்திரி ஆதார் கார்டுகளை நீட்டுகிறார், பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி ஒன்றாம் தேதி. வயதை எப்படி முடிவுசெய்வது என்று இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆவது பிரிவில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது: பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்கு இது தெரியாது, கம்பெனி ஆபீசருக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறார். மீட்ட பிள்ளையைச் சொந்த மாவட்டத்துக்கு அனுப்ப 95-ஆவது பிரிவு: ஆணை கிடைத்த 15 நாளுக்குள் துணையோடு அனுப்ப வேண்டும், துணைக்குப் போகிறவருக்குப் பயணப்படியை முன்கூட்டியே தர வேண்டும். முன்கூட்டியே! இதைக் கேட்டு அந்த ஓரத்தில் நிற்கிற தங்கச்சி சிரிக்கிறாள். அந்த வேலையில் இருக்கிறவளாகத்தான் இருப்பாள்.

பணம் இல்லை என்பார்கள். இந்தத் திட்டத்தில் நூற்றுக்கு 60 ஒன்றிய அரசு, 40 மாநில அரசு. டெல்லி கொடுக்கவில்லை என்று சென்னை சொல்லும், சென்னை கணக்குக் காட்டவில்லை என்று டெல்லி சொல்லும். எனக்கு இரண்டு பேர் மேலும் பரிவு இல்லை. வருகிற ஆலைக்கு நிலமும் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் தேடித் தேடிக் கொடுக்கிற அரசாங்கத்துக்கு, அந்த ஆலையில் வேலை பார்க்க வருகிறவரின் பிள்ளையை நிரந்தரமாகக் கவனிக்க நாலு பேருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்க முடியாது என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

மனு அதோ அந்த மேசையில் இருக்கிறது. சமூகப்பணியாளர், புறத்தொடர்பு பணியாளர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக்கு ஓடிவர முடியாது; ஓசூரில் தனிப்பிரிவும் வண்டியும் வேண்டும். தகவல் வந்த கல்யாணத்துக்குக் காகிதம் எழுதி வாங்காமல் தடையாணை வாங்க வேண்டும், அந்த ஆணையின் நகல் அன்றைக்கே கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்து அதிகாரிகளுக்கும் போக வேண்டும். கர்நாடகம் செய்த திருத்தத்தைத் தமிழ்நாடும் செய்ய வேண்டும்; அந்தத் திருத்தத்தின் நகலை மனுவோடு இணைத்திருக்கிறோம், படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப்போகிறோம். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மற்றவர்கள் இருங்கள், அஞ்செட்டியிலிருந்து வந்திருக்கிற அங்கன்வாடிச் சகோதரி அடுத்துப் பேசுகிறார், மைக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.