சிரித்தோரும் சிரியாதோரும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வட்டம் தோன்றிய நாள்தொட்டு இம்மேடையில் சங்கப் பாடலும் காப்பியமும் சிறுகதையும் பேசப்பட்டு வந்துள்ளன. இன்று நான் ஓர் அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் ஐயா சற்றே தயங்கினார். படத்தைவிட அதைப் பார்த்தவர்களைப் பற்றியே மிகுதியும் பேசுவேன் என்று சொன்ன பிறகுதான் இசைந்தார். ஒரே படத்தைக் கண்டு ஒரு சாரார் வயிறு குலுங்கச் சிரித்தனர். மற்றொரு சாரார், 'இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று வினவினர். இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதே என் பொருள். விடை தேடியபோது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எனக்குத் துணை நின்றது. என் வகுப்பறையில் நான் செய்த பிழை ஒன்றும் நினைவுக்கு வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

படமும் அதன் பிறப்பும்

படத்தின் பெயர் 'நெப்போலியன் டைனமைட்'. 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ஜேரட் ஹெஸ் என்னும் இளைஞர். அவரும் அவர்தம் துணைவியார் ஜெரூஷா ஹெஸ்ஸும் சேர்ந்து எழுதிய கதை. கல்லூரியில் பயின்ற காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குறும்படம் ஒன்றை விரித்தே இம்முழுநீளப் படத்தை உருவாக்கினர். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள பிரஸ்டன் என்னும் சிற்றூரில், 2003-ஆம் ஆண்டுக் கோடையில், மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 4,00,000 டாலர். அந்நாட்டுத் திரைத்தொழிலில் இது மிகச் சிறு தொகை. தலைமைப் பாத்திரத்தில் நடித்த ஜான் ஹெடருக்கு முதலில் பேசப்பட்ட ஊதியம் 1,000 டாலரே. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 2004 சனவரியில் திரையிடப்பட்டு, பெரிய நிறுவனமொன்றால் வாங்கப்பட்டு, சில அரங்குகளில் தொடங்கி, ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு நாடெங்கும் பரவி, நான்கு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. நெப்போலியன் பதினாறு வயதுப் பள்ளி மாணவன். சுருள்முடி, தடித்த கண்ணாடி, பாதி மூடிய விழி, எப்போதும் திறந்திருக்கும் வாய். பாட்டியோடும், முப்பத்திரண்டு வயதாகியும் வேலையின்றிக் கணினியில் உரையாடிப் பொழுது கழிக்கும் அண்ணன் கிப்போடும் வாழ்கிறான். பாட்டி விபத்தில் அடிபட, வீட்டைப் பார்த்துக்கொள்ள ரிக்கோ மாமா வருகிறார். அவர் 1982-ஆம் ஆண்டின் பள்ளிக் கால்பந்தாட்ட நினைவிலேயே நின்றுவிட்டவர். மெக்சிக்கோவிலிருந்து புதிதாக வந்த பெட்ரோ, சாவிக்கொத்துக் கயிறு பின்னி விற்கும் டெப் ஆகிய இருவரே நெப்போலியனுக்கு நண்பர்கள். பெட்ரோ மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறான். வாக்கு கேட்டுப் பேசிய பின் வேட்பாளர் ஏதேனும் கலைநிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பதே தெரியாமல் மேடைக்கு வந்துவிடுகிறான். நண்பனுக்காக நெப்போலியன் மேடையேறித் தனியே ஆடுகிறான். இவ்வளவே கதை.

அவை இரண்டுபட்டது

இப்படத்தை முதன்முறை பார்த்தபோது நான் சிரிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகன் அருகில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கோ படம் தொடங்கிவிட்டதா என்பதே ஐயமாக இருந்தது. நம் படங்களில் நகைச்சுவைப் பகுதி வருமுன்னரே பின்னணி இசை அறிவித்துவிடும்; உடனிருக்கும் பாத்திரம் ஒன்று முகம் சுளித்து, 'இங்கே சிரியுங்கள்' என்று காட்டிக்கொடுக்கும். அத்தகைய குறிப்பு எதுவும் இப்படத்தில் இல்லை. ஒளிப்பதிவுக் கருவி அசையாது நேரே நிற்கிறது. பாத்திரங்கள் நிமிர்ந்து நின்று பேசுகின்றன. பேசி முடித்த பின்னும் காட்சி சிறிது நேரம் அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் பார்வையாளரே. நிரப்பியவர் சிரித்தார், நிரப்பாதவர் சலித்தார்.

கற்றறிந்த திறனாய்வாளரும் இரண்டுபட்டனர். அமெரிக்காவின் பெரும் புகழ்பெற்ற திரைத் திறனாய்வாளராக விளங்கி மறைந்த ரோஜர் ஈபர்ட், இப்படத்திற்கு நான்கு நட்சத்திரங்களில் ஒன்றரை மட்டுமே அளித்தார். இறுதியில் அச்சிறுவன் பெறும் வெற்றிகூட, வெற்றி என்று கொள்வதானால், சக மாணவர் முன் கோமாளியாக நின்றதற்குக் கிடைத்த கூலி என்பது அவர் கருத்து. அதே காட்சியைக் கண்டு எழுந்து நின்று கைதட்டிய அரங்குகளும் உண்டு. ஆக, ஆடியது கோமாளியா, வெற்றியாளனா என்பதே இரு சாராரையும் பிரித்த கேள்வி.

கணக்குக்கு அடங்காத நகை

இந்த வேறுபாட்டிற்கு எதிர்பாராத சான்று ஒன்று கணித அறிஞரிடமிருந்து கிடைத்தது. 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. அக்காலத்தில் அது படங்களை டிவிடி வட்டுகளாக அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்தது. ஒருவர் முன்பு பார்த்த படங்களுக்கு இட்ட மதிப்பெண்களைக் கொண்டு, பாராத படத்திற்கு அவர் என்ன மதிப்பெண் இடுவார் என்று முன்கூட்டிக் கணிக்க வேண்டும். நிறுவனம் கையாண்ட முறையைவிட 10 விழுக்காடு துல்லியமாகக் கணிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு. பத்துக் கோடிக்கு மேற்பட்ட மதிப்பீடுகள் போட்டியாளர்க்கு வழங்கப்பட்டன.

பல படங்களைக் கணிப்பது எளிதாயிற்று. இடறியவற்றுள் முதன்மையானது இந்த 'நெப்போலியன் டைனமைட்'. தம் கணிப்பில் எஞ்சிய பிழையில் 15 விழுக்காடு இந்த ஒரு படத்தாலேயே நேர்கிறது என்று போட்டியாளர் ஒருவர் கண்டதாக 2008-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் எழுதியது. பலரும் ஒரு நட்சத்திரம் அல்லது ஐந்து நட்சத்திரம் என்று இரு கரையிலும் நின்றனர். மற்றெல்லாப் படங்களிலும் ஒத்த சுவையுடையோர் இப்படத்தில் மட்டும் பிரிந்தனர். பரிசு 2009-இல் வழங்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஒருவர் ஏன் சிரித்தார், அருகிலிருந்தவர் ஏன் சிரிக்கவில்லை என்ற வினாவிற்கு அந்தக் கணக்கில் விடையில்லை. சிரித்தவர் இட்ட ஐந்து நட்சத்திரம், அவர் அச்சிறுவனை எள்ளிச் சிரித்தாரா, அவனோடு சேர்ந்து சிரித்தாரா என்பதை எங்ஙனம் காட்டும்?

நால்வகை நகை

இவ்விடத்தில்தான் தொல்காப்பியர் எனக்குக் கைகொடுத்தார். எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலாவதாக வைத்த ஆசிரியர், அது பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுகிறார். நாம் இவற்றை வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான்கும் ஒருதன்மையன அல்ல என்பதை இப்படமே எனக்கு உணர்த்திற்று.

எள்ளலுக்கு உயரம் வேண்டும். சிரிப்பவர் மேலும், சிரிக்கப்படுபவர் கீழும் நின்றாலன்றி எள்ளல் இல்லை. ஏனைய மூன்றற்கும் அவ்வுயரம் வேண்டுவதில்லை. குழந்தையின் மழலைக்குச் சிரிப்பவர் குழந்தையைத் தாழ்த்துவதில்லை. மடன் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம், கேட்டதனை ஆராயாது மெய்யென்று கொள்ளுதல் என்பது. இப்படத்தில் ரிக்கோ மாமாவும் கிப்பும் காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கருவி என்று நம்பி ஒன்றனை இணையவழி விலைகொடுத்து வாங்குகின்றனர். நெப்போலியன் அதனைப் பூட்டிக்கொண்டு மின்னதிர்ச்சியில் துள்ளுகிறான். மடனுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டுவது அரிது. ஆனால் அந்தக் கருவியை வாங்கத் தூண்டியது எது? தன் வாழ்வு இடறிய 1982-க்கு மீண்டும் சென்று திருத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஏக்கம். அந்த ஏக்கம் இல்லாதவர் நம்மில் யார்? இதை உணர்ந்த கணத்தில் நான் மேலிருந்து பார்ப்பதை விட்டு அவர்கள் அருகில் வந்து நின்றுவிட்டேன். இரண்டாம் முறை பார்க்கையில் சிரித்தேன்.

ஆகவே என் கருத்து இது: இப்படம் நகையின் நான்கு களன்களையும் ஒரே காட்சியில் திறந்து வைத்துவிட்டு, எதனுள் நுழைவது என்பதைப் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது. எள்ளல் என்னும் வாயிலில் நுழைந்தவருள் சிலர் சிரித்துத் தீர்த்தனர். ஈபர்ட் போன்ற சிலர், ஒரு சிறுவனை எள்ளச் சொல்கிறார்களே என்று வெறுத்தனர். ஏனைய மூன்று வாயில்களில் நுழைந்தவர் அவனோடு தோழமை கொண்டனர்.

எள்ளப்பட்டவர் சிரித்தபோது

எள்ளலையும் பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல். இரண்டாவதற்கு நல்ல சான்று ஐடஹோ மாநிலமே. வயல்வெளியும் பழங்கால உடையும் உருளைக்கிழங்கு உருண்டையைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொள்ளும் சிறுவனுமாகத் தம் மண்ணைக் காட்டிய படத்தின்மீது அம்மக்கள் சினம் கொண்டிருக்கலாம். மாறாக, 2005-ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றம் இப்படத்தைப் பாராட்டித் தீர்மானம் இயற்றியது. எதிர்த்து வாக்களிப்போர் அறிவிலிகள் என்று கதைத்தலைவனின் மொழியிலேயே அத்தீர்மானம் எச்சரித்தது. எவரும் எதிர்க்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஹெஸ் பிரஸ்டனில் வளர்ந்தவர். அங்குள்ள பள்ளியிலேயே பயின்றவர். அப்பள்ளியிலேயே படம் பிடித்தவர். தம் இளமையில் நிகழ்ந்தவை பலவற்றைப் படத்தில் வைத்ததாகக் கூறியிருக்கிறார். உள்ளிருந்து சிரிப்பவனை ஊர் இனங்கண்டுகொள்ளும்.

எனினும் ஓர் ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. பெட்ரோவைப் படைத்த முறை பற்றியது அது. அவன் குறைவாகப் பேசுகிறான். அப்பேச்சின் ஒலியும் மெக்சிக்கோ வழக்கங்களும் சிரிப்புக்கு இடமாகின்றன. படமெடுத்தவர் அவ்வினத்தினுள் பிறந்தவர் அல்லர். ஆதலின் அக்காட்சிகளில் எழும் சிரிப்பு அருகில் நின்று சிரிப்பதா, மேலிருந்து சிரிப்பதா என்று கேட்க மெக்சிக்கப் பார்வையாளர்க்கு உரிமையுண்டு. 'பெட்ரோவுக்கு வாக்களியுங்கள்' என்று எழுதிய மேற்சட்டையை அமெரிக்க இளைஞர் பலர் அணிந்து திரிந்தனர். அவர்களுள் எத்தனை பேர் பெட்ரோக்களுக்கு உண்மையிலேயே வாக்களித்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஒரு வகுப்பறை நினைவு

படத்தின் தொடக்கத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி. நடப்புச் செய்தி ஒன்றைப் பற்றிப் பேச நெப்போலியன் எழுந்து நிற்கிறான். ஸ்காட்லாந்து ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கைப் பற்றியும், அதைக் காக்க அவ்வூர் மந்திரவாதிகள் முனைவதைப் பற்றியும் தாளைப் பார்த்து ஒரே குரலில், மிக்க உறுதியோடு படிக்கிறான். இக்காட்சியில்தான் என் மகன் உரக்கச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நெடுநாள் கழித்தே விளங்கியது.

பல ஆண்டுகளுக்கு முன் என் முதுகலை வகுப்பில் மாணவன் ஒருவன் உள்ளுறை உவமம் பற்றிக் கட்டுரை படித்தான். தலை நிமிரவில்லை, குரலில் ஏற்ற இறக்கமில்லை, நிறுத்தக் குறிகள் எவற்றையும் மதிக்கவில்லை. படித்து முடித்ததும், 'அவ்வளவுதான்' என்று சொல்லி அமர்ந்தான். வகுப்பு மெல்லச் சிரித்தது. நான், 'தம்பி, நடுவில் மூச்சு விடுவதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு' என்றேன். வகுப்பு அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிரவு அக்கட்டுரையைப் படித்தேன். இரண்டு இடங்களில் நான் எண்ணிப் பாராத கருத்துகள் இருந்தன. மறுநாள் அதை வகுப்பில் பாராட்டிச் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வாண்டு முடியும்வரை அவன் மீண்டும் எழுந்து பேசவில்லை.

நகையின் நான்கு களன்களை அந்த வகுப்பிலேயே நான் பாடமாக நடத்தியிருக்கிறேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நெப்போலியனுக்கு அவ்வாறு நேரவில்லை. மேடையில் ஆடி முடிக்கிறான். அரங்கு ஒரு கணம் அமைதியாக இருக்கிறது. அவன் தீர்ப்புக்குக் காத்திராமல் ஓடிவிடுகிறான். பிறகே அவை எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்த நடனத்திற்கென எஞ்சியிருந்தது ஒரேயொரு படச்சுருள் என்றும், ஹெடர் தாமே இட்டுக்கட்டி ஆடினார் என்றும் சொல்வர். ஈபர்ட் அவனைக் கோமாளி என்றார். கோமாளி அவையைப் பார்த்து ஆடுபவன். இவனோ நண்பனுக்காக ஆடினான். கைதட்டலைப் பெற நில்லாமலே சென்றான்.

அன்பர்களே! இவ்வட்டத்தில் புதிதாக எழுதும் இளைஞர் பலர் முதன்முறையாகத் தம் படைப்புகளைப் படிக்கின்றனர். குரல் நடுங்கும், சொல் தடுமாறும், நமக்குச் சிரிப்பு வரும். வருவதில் தவறில்லை, நகை இயல்பான மெய்ப்பாடு. எந்த இடத்தில் நின்று சிரிக்கிறோம் என்பதை மட்டும் நாம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் அன்று நான் அதைப் பார்க்கத் தவறினேன்.