குரலைப் பிறர்க்கு ஈந்தவர்



முத்துக்குளித்துறையில் நடக்கும் பத்தாம் ஆண்டு விழாவில் கொற்கையைப் பற்றியே பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ, ஒரு காலத்தில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிய ஒருவரை.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். இருபத்து நான்காம் வயதில் கணக்கு வேலையை உதறிவிட்டு நாடக மேடையேறினார்.

அன்று நாடகம் என்றால் பாட்டு. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சுருதியை ஏற்றிப் பாட வல்லவனே நடிகன். சுவாமிகள் ஏற்றவை பெரும்பாலும் அச்சமூட்டும் வேடங்கள்: இராவணன், எமன், சனீஸ்வரன். நளதமயந்தி நாடகம் முடிந்த விடியற்காலையில், வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். நடிகராக அவர் வாழ்வு அவ்வளவில் முடிந்தது. ஆனால் குரல் ஓயவில்லை. அது பிறர் தொண்டைக்கு இடம் மாறியது. எனக்கு வியப்பளிப்பது இந்த இடமாற்றமே.

அதற்கு வேண்டிய தாள நுட்பத்தை அவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்றார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அமைத்துச் சிறுவர்களைப் பழக்கினார். பெண் வேடங்களையும் சிறுவர்களே புனைந்தார்கள். பெண்ணாகிய எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை, அச்சபையில் சிறுவராக நடித்த தி.க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வழக்கு உண்டு. நம் இலக்கிய வரலாறுகள் இவரை 'நாடகத் தலைமையாசிரியர்' என்று ஒரு பத்தியில் வணங்கிவிட்டு நகர்கின்றன. கவிஞர் வரிசையில் வைப்பதில்லை. 'அச்சில் படித்தால் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன' என்பது குற்றச்சாட்டு. வரட்டுமே! அச்சில் வெறுமையாகத் தோன்றும் அடியைப் பாடுபவர் நிறுத்தி, நிரவி, சுரம் கூட்டும்போதுதான் அது நிறைகிறது. பாடகனின் மூச்சுக்கு இடம்விட்டு எழுதுவது குறைந்த புலமையன்று. நாமோ கண்ணுக்கு எழுதியே பழகிவிட்டோம்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வள்ளி ஓரூர், வேலன் ஓரூர், நாரதர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுப்பார். விடியும்வரை பாட்டும் தர்க்கமும் நடக்கும். எல்லோரும் சுவாமிகளின் பாடத்தை மனத்தில் வைத்திருப்பதால்தான் இது முடிகிறது. தென்மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இப்படித்தான் நடக்கிறது.

அந்த மேடையே செங்கோட்டைக் கிட்டப்பாவையும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளையும் தந்தது. 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது வயது இருபத்தேழு. திரைப்படத்தில் தோன்றவேயில்லை, எஞ்சியவை இசைத்தட்டுகள். சுந்தராம்பாள் 1935-இல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்த விலை மேடையில் விளைந்த குரலுக்குத் தரப்பட்டது. பவளக்கொடி நாடகமும் 1934-இல் திரைக்குப் போய்த் தியாகராஜ பாகவதரை உலகறியச் செய்தது.

சுவாமிகளின் கடைசிக் காலம் கொடியது. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. பிள்ளைகள் பாடுவதை அவர் வாய்திறவாமல் கேட்டிருக்கவேண்டும். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார் என்பர். நூலாகக் கிடைப்பவை அவற்றுள் ஒரு பகுதியே. மற்றவற்றின் பாட்டுகள் சில, பழைய நடிகர் வீட்டுப் பரண்களில் கையெழுத்துக் குறிப்பேடுகளாகக் கிடக்கக்கூடும். நம் மாவட்டத்தில் அத்தகைய குடும்பங்கள் இருக்கின்றன. இலக்கிய வட்ட நண்பர்கள் நால்வர் கிளம்பினால் போதும், நானும் உடன் வருகிறேன். ஐப்பசி மழைக்குமுன் போய்விடுவோம். ஒழுகும் கூரைக்கடியில் தாள் நெடுநாள் தாங்காது.