தனித்துத் தோற்பவர், கூடி எழுவர்
(விழா மேடையில் ஆற்றிய உரை)



நம் திருவேங்கடத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என் இல்லம் வந்தார். நான்கு பாடங்களில் தோற்றிருந்தார். வீட்டில் எவருக்கும் தெரியாது. “எனக்கு மட்டும்தான் ஐயா புரியவில்லை” என்றார். அதே குறையை, அதே சொற்களால், முன்னரே மற்றொருவர் என்னிடம் கூறியிருந்தார். இருவரும் ஒரே வகுப்பினர்; ஒருவர் துயரை மற்றவர் அறியார்.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், கணிதத்தில் பின்தங்கிய கறுப்பின மாணவர்களை யூரி டிரைஸ்மன் என்பார் ஆராய்ந்தார். அவர்களிடம் ஊக்கம் குறையவில்லை. ஆனால் தனித்தே படித்தனர். நன்கு தேறிய சீன வழி மாணவர்களோ கூடிப் படித்துத் தம் பிழைகளைத் தமக்குள் திருத்திக்கொண்டனர். பின் அவர், மாணவர்களைக் குழுவாக அமர்த்திக் கடினமான கணக்குகளையே கொடுத்தார், பின்தங்கியோர் முன்னேறினர்.

குழு ஆற்றுப்படுத்தலின் உயிர்நிலையும் இக்கூட்டுறவே. சில மாணவர் வட்டமாக அமர்வர். ஒருவர் தம் தோல்வியை வாய்விட்டு உரைத்ததும் மற்றவர் நெஞ்சின் பாரமும் குறையும். ஆற்றுப்படுத்துநர் கடிந்துரையார், அங்குப் பேசியது வெளிச்செல்லாது காப்பார்.

பெற்றோரே, மதிப்பெண்ணை வினவுமுன், “யாரோடு சேர்ந்து படிக்கிறாய்?” என வினவுங்கள். அறக்கட்டளையாரே, ஞாயிறு மாலைகளில் இக்கூடத்தை இம்மாணவர்க்குத் திறந்து தாருங்கள். அவ்விருவரையும் முதல் நாளில் நானே அழைத்து வருகிறேன்.